இடது கண்ணாடியின் மூடி

திங்கட்கிழமை, காலை 7.15.

கம்பியில் இரண்டு மூடிகள் தொங்க வேண்டும். ஒன்றுதான் தொங்கியது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற லிஃப்ட்காரர் காலை நடை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கார் ஷெட்டுக்குள் போனவர், அப்படியே நின்றுவிட்டார். கீழே விழுந்திருக்கும் என்று தரையைப் பார்த்தார். விரித்துப் போட்ட பழைய செய்தித்தாள் மட்டும் கிடந்தது. பூனை தட்டிவிட்டிருக்கும் என்று காருக்கு அடியில் டார்ச் அடித்தார். பூனைக்குக் கொக்கி கழற்றத் தெரியாது. இடது பக்க மூடியைத் தாங்கிய கம்பிக் கொக்கியை யாரோ பொறுமையாகக் கழற்றி அலமாரி ஓரத்தில் வைத்திருந்தார்கள்.

போனது தங்கமா வைரமா என்றால், இரண்டும் இல்லை. காருக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிகள் உண்டல்லவா, அவற்றின் முதுகுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான். ஒரே கார்தான் என்றாலும் விலை கூடிய ரகத்தில் அந்த மூடி காரின் நிறத்திலேயே வழவழவென்று வரும். விலை குறைந்த ரகத்தில் அச்சிலிருந்து எடுத்த கறுப்புப் பிளாஸ்டிக்காக, சொரசொரவென்று அப்படியே விட்டுவிடுவார்கள். லிஃப்ட்காரருடையது விலை குறைந்த ரகம். உடம்பு செம்பு நிறம், காது கறுப்பு. ஏழு வருடம் அதைச் சகித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, இந்த வாரம்தான் மனுஷருக்கு அதையும் செம்பு நிறமாக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றிய நேரம் சரியில்லை. அது அவருக்கு ஒன்பது மணிக்குத்தான் தெரிந்தது.

காலை 9.00. காவல் நிலையம்.

"என்ன காணோம்?" என்றார் ஏட்டு.

"கண்ணாடி மூடிங்க. கார்ல இருக்கிறது. இடது பக்கம்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு. வலது பக்கத்தை விட்டுட்டாங்க."

"திருடன் தங்கமானவனா இருக்கானே. உங்களுக்குன்னு பாதி விட்டுட்டுப் போயிருக்கான்."

ஏட்டு சிரித்தார். லிஃப்ட்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த எஸ்.ஐ. சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதுப் பெண். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஐந்து மாதம் ஆகிறது. எதிரே ஒரு பாலித்தீன் பை. அதற்குள் ஐந்து பிளாஸ்டிக் சில்லுகள்.

"உங்க கார் என்ன கலர்?"

"செம்புக் கலர், மேடம்."

ஏட்டுவின் சிரிப்பு நின்றது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை 5.40-க்கு, பேக்கரியிலிருந்து சைக்கிளில் ரொட்டி கொண்டுபோன ஒரு பெண்ணை ஒரு கார் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நடைபாதை விளிம்பில் தலை மோதி, அவள் இன்னும் நினைவு திரும்பாமல் மருத்துவமனையில் கிடக்கிறாள். காரை யாரும் பார்க்கவில்லை. சாலையில் கிடந்தது இந்த ஐந்து சில்லுகள்தான். பட்டறை மெக்கானிக் ஒருவர் ஒட்டிப் பார்த்துவிட்டு, இன்ன காரின் இடது கண்ணாடி மூடி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்த மாடலில், அந்தச் செம்பு நிறத்தில், இந்த வட்டாரத்தில் மொத்தம் மூன்றே கார்கள். அதில் ஒன்றின் சொந்தக்காரர் தானாகவே நடந்து வந்து, என் இடது மூடியைக் காணோம் என்கிறார்.

எஸ்.ஐ. விபத்தைச் சொன்னபோது லிஃப்ட்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"ரொட்டி கொண்டு வர்ற அம்மாவா? அதான் நேத்தும் இன்னைக்கும் வரலையா? வேற தெருவுக்கு மாத்திட்டாங்கன்னு நினைச்சேன். இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கன்னு இல்லை. காலையில மணி அடிப்பாங்க. ரொட்டியைக் கொடுத்துட்டு, இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும் சார்னு சொல்லுவாங்க. இல்லைன்னா மழை வரும்போல இருக்குன்னு சொல்லுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "சில நாள்ல வேற யாரும் எங்கிட்ட எதுவும் சொல்ல மாட்டாங்க."

காலை 9.40. இன்ஸ்பெக்டர் அறை.

"ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு நாப்பதுக்கு எங்கே இருந்தீங்க?"

"வீட்லதான் சார்."

"யார் பார்த்தாங்க?"

"யாரும் இல்லை."

"மூடியை எப்ப கழட்டினீங்க?"

"சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு."

"யார் பார்த்தாங்க?"

"யாரும் இல்லை சார்."

"அதுக்கு முன்னாடி அது கறுப்பா இருந்துச்சுன்னு சொல்றீங்க. அதையாவது யாராவது பார்த்திருக்காங்களா? ஏழு வருஷமா தெருவுல நிக்கிற காரு."

தெருவில் ஒவ்வொரு வீடாக மனதுக்குள் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தவர் போல இருந்தது லிஃப்ட்காரரின் முகம்.

"என் வீட்டுக்காரி சொல்லுவா சார். கறுப்புக் காது, கறுப்புக் காதுன்னு கேலி பண்ணிட்டே இருப்பா."

"வரச் சொல்லுங்க."

"அவ போய் நாலு வருஷம் ஆச்சுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ஒரு ஆளை உள்ளே வைக்க இதைவிட என்ன வேண்டும்? மனசாட்சி உறுத்தினால் ஒரு நாள் தள்ளிப் போடலாம். "நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம்," என்று எஸ்.ஐ.யிடம் சொன்னார். "அதுக்குள்ள வேற ஆளைக் கொண்டு வாங்க. இல்லைன்னா இவர்தான்."

எஸ்.ஐ.க்கு ஒரு சங்கடம். அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டால் என்ன சொல்வது என்று ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலை 5.40-க்கு மாடி அறையில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். யார் பார்த்தார்கள்? யாரும் இல்லை. இந்த ஊரில் அவருக்குப் பழக்கமானவர்கள் இரண்டே வகை, ஏட்டுகளும் திருடர்களும்.

காலை 11.20. லிஃப்ட்காரரின் கார் ஷெட்.

துரும்புகூட இடம் மாறாத ஷெட். ஸ்பிரே டப்பாக்கள் உயர வாரியாக நின்றன. வலது மூடி கம்பியில் தனியாகத் தொங்கியது. எஸ்.ஐ. அதைத் தொடாமல், தலையைச் சாய்த்து, காரின் கதவோடு வைத்துப் பார்த்தார். நிறத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"எப்படி இது?"

"கதவைத் திறந்தா இங்க ஒரு தகடு இருக்கு பாருங்க, இதுல கலரோட நம்பர் போட்டிருக்கும். அதைச் சொன்னா கடையில கலந்து டப்பாவுல அடைச்சுக் கொடுத்துடுவாங்க. அதெல்லாம் சுலபம். பிளாஸ்டிக்ல பிடிக்க வைக்கிறதுதான் பாடு." கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் லிஃப்ட்காரரின் குரல் மாறிவிட்டது. "முதல்ல சோப்பு போட்டுக் கழுவணும். அப்புறம் இந்தச் சொரசொரப்பு போற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். ஓரத்து மடிப்புல மட்டும் தாள் போகாது, பழையபடியேதான் இருக்கும். அப்புறம் பிளாஸ்டிக்குக்குன்னே இருக்கிற பிரைமர், அடிப்பூச்சு. அதை அடிக்காம விட்டா ஒரே மாசத்துல வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சுடும். அதுக்கு மேல கலர் மூணு கை, அதாவது மூணு பூச்சு. கடைசியா பளபளப்புக்குக் கிளியர், அதுவும் மூணு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவுல கால் மணி நேரம்."

"அந்தக் கால் மணி நேரம் என்ன செய்வீங்க?"

"காத்திருப்பேன்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "சும்மா காத்திருக்கிறது எனக்குப் பழக்கம்தான் மேடம். இதுல எதுக்காகக் காத்திருக்கேன்னு தெரியும். அது நல்லா இருந்துச்சு."

சுவரில் ஒரு அட்டை. பென்சிலில் நேரங்கள். முப்பத்தைந்து வருடம் லிஃப்டுக்குள் பழுது பார்த்த தேதியைக் குறித்து வைத்த கை, வேலையை விட்ட பிறகும் பழக்கத்தை விடவில்லை. ஞாயிறு, கிளியர்: 3.00, 3.15, 3.30.

"சனிக்கிழமையே ஆரம்பிச்சீங்களே, ஏன் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இழுத்துச்சு?"

"என் அவசரம்தான். கைக்கு ஒட்டலையேன்னு இடது மூடியைத் துண்டால பிடிச்சுத் தூக்கிட்டேன். துண்டோட நூல் நூலா அதுல பதிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் தேச்சு எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து வந்தேன். இருக்கட்டும், ஞாயித்துக்கிழமையும் ஒரு வேலை ஆச்சு."

"ஷெட்டைப் பூட்ட மாட்டீங்களா?"

"வாசனை போகணும்னு திறந்து வெச்சிருந்தேன். காலையில ஆறு பத்துக்கு நடக்கப் போனேன். ஏழு பத்துக்கு வந்தேன். தினமும் அதுதான் நேரம். ஆறு மணி வரைக்கும் ரொட்டிக்காகப் பார்ப்பேன்."

"இது இங்கே தொங்குறது யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு பேருக்கு. சனிக்கிழமை டிரைவிங் ஸ்கூல் அம்மா கேட்டுக்கு வெளியிலயே நின்னு பார்த்தாங்க. எனக்கும் அடிச்சுக் கொடுப்பீங்களான்னு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்குப் பல் டாக்டர் வந்தார். மூணாவது வீடு. பெயிண்ட் வாசனை வந்துச்சு, என்னன்னு பார்க்க வந்தேன்னார். ரெண்டையும் உத்து உத்துப் பார்த்துட்டு, கம்பெனியில அடிச்ச மாதிரியே இருக்குன்னார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். இருபது நிமிஷம் இருந்தார்."

"அடிக்கடி வருவாரா?"

"முதல் தடவை." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "ரெண்டு வருஷத்துல என் வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தவர் அவர் ஒருத்தர்தான்."

எஸ்.ஐ. பையிலிருந்து ஒரு சில்லை எடுத்து, வலது மூடியின் ஓரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மூடியின் ஓரத்து மடிப்பு, செம்பு நிறத்துக்கு அடியிலும், சொரசொரவென்று இருந்தது. சில்லின் ஓரம் வழுக்கியது. அதை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

பிற்பகல் 1.10. காவல் நிலையம்.

மற்ற இரண்டு கார்களையும் பார்த்துவிட்டு ஏட்டு வந்து சேர்ந்தார். ஒன்று பல் டாக்டருடையது, இன்னொன்று டிரைவிங் ஸ்கூல் அம்மாவுடையது. தெருவில் மூன்று செம்புக் கார், என்ன பொருத்தம் பாருங்கள்.

"டிரைவிங் ஸ்கூல் கார்ல இடது மூடியே கிடையாது மேடம். டேப் சுத்தி வெச்சிருக்காங்க. கத்துக்க வந்த யாரோ ஒரு வருஷத்துக்கு முன்னாடியே கேட்ல இடிச்சுட்டாங்களாம். எனக்கு அந்தம்மா மேலதான் சந்தேகம்."

"டேப் புதுசா, பழசா?"

"பழசுதான். மண் ஏறிக் கறுத்துக் கிடக்கு. பிரிச்சுப் பார்த்தேன், பிசின் கூடக் காஞ்சுபோச்சு."

"அப்புறம் என்ன சந்தேகம்? டாக்டர் கார்?"

"அதுல பிரச்னையே இல்லை. விலை கூடின ரகம். உறை போட்டு, அடியில கயிறு கொடுத்து இறுக்கிக் கட்டி வெச்சிருந்தார். அவரே அவிழ்த்துக் காட்டினார். ரெண்டு மூடியும் முழுசா இருக்கு. இடது பக்கம் மட்டும் பளபளப்பு கொஞ்சம் மட்டு. தூசியா இருக்கும். ஒரு வாரமா காரை எடுக்கவே இல்லையாம். ஞாயித்துக்கிழமை ஏழு மணி வரைக்கும் தூங்கினாராம். மனைவி, மாமியார், மச்சான் மூணு பேரும் சொல்றாங்க."

இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கணக்கு சரியாப்போச்சு. ஒரு கார்ல மூடி ஒரு வருஷமா இல்லை. ஒண்ணுல ரெண்டும் இருக்கு. மூணாவதுல இருந்தது காணாமப்போச்சு. இன்னும் என்ன?"

"சார், உடைஞ்ச சில்லு வழவழப்பான மூடியிலிருந்து வந்தது. லிஃப்ட்காரரோட மூடி சொரசொரப்பானது. ஓரத்தைப் பார்த்தா தெரியும்."

"ஓரத்தையும் தேச்சிருப்பார். ரெண்டு நாளா அவருக்கு வேற என்ன வேலை?"

எஸ்.ஐ. சில்லுப் பையை எடுத்து மேசைக்குள் பூட்டினார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, அலுத்துப் போனவர். அலுத்துப் போனவரிடம் விளக்கத்தைக் கொண்டுபோனால் வேலைக்கு ஆகாது, கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

அன்று மதியம் மாடி அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டே எஸ்.ஐ. ஒரே கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திருடுகிறவன் ஜோடியாகத் தொங்குவதில் ஒன்றை மட்டும் ஏன் எடுக்கிறான்? செருப்பில் ஒன்றை நாய்தான் தூக்கும். விற்கிறவன் என்றால் இரண்டையும் எடுப்பான். விளையாட்டுக்கு எடுத்தவன் கொக்கியை அலமாரியில் வைத்திருக்க மாட்டான். ஒன்றை மட்டும் எடுத்தவனுக்கு ஒன்றுதான் தேவை. அதுவும் இடது. கடையில் போய் வாங்கலாமே என்றால், ஞாயிற்றுக்கிழமை மதியமே எல்லா உதிரிபாகக் கடைக்கும் போலீஸ் சொல்லி வைத்துவிட்டது, செம்பு நிற இடது மூடி கேட்டு யார் வந்தாலும் தகவல் கொடுக்க வேண்டும் என்று. எடுத்தவனும் அதை ஊகித்திருப்பான்.

ஆக, உடைந்த மூடியைத் தேடியதுதான் தப்பு. முழு மூடியைத் தேடியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.30. பல் டாக்டர் வீடு.

வாசலில் கார் உறைக்குள் நின்றது. வெயில் சுளீரென்று அடித்தது. எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர், ஏட்டு, அவர்களுக்குப் பின்னால் லிஃப்ட்காரர். அவரை ஏன் இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் வழி முழுக்க முனகினார்.

டாக்டர் வெள்ளைச் சட்டையில் வந்தார். நாற்பது வயது, சுத்தமான நகங்கள். பின்னால் கதவோரம் அவர் மனைவி.

"நேத்தே காட்டிட்டேனே மேடம்."

"இன்னொரு தடவை. ஞாயித்துக்கிழமை காலையில எங்கே இருந்தீங்க?"

"தூங்கிட்டு இருந்தேன். ஏழு மணிக்குத்தான் எழுந்தேன்."

"ஆமாம் மேடம், ஏழு மணிக்குத்தான்," என்றாள் மனைவி, கேட்பதற்கு முன்பே.

"ஷட்டில் விளையாடப் போக மாட்டீங்களா? வாசல்ல மட்டை இருக்கு."

"அன்னைக்குப் போகலை."

"கார் எத்தனை நாளா உறைக்குள்ள இருக்கு?"

"ஒரு வாரமா."

"அவிழ்த்துடுங்க."

ஏட்டு கயிற்றை அவிழ்த்து உறையை உருவினார். செம்பு நிறம் வெயிலில் கண்ணைப் பறித்தது. எஸ்.ஐ. வலது பக்கம் போனார். வலது மூடியில் அவர் முகம் அப்படியே தெரிந்தது. சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். இடது மூடியில் முகம் இருந்தது, மூக்கும் கண்ணும் தெரியவில்லை. குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மூடியின் மேல் படுகிற மாதிரி அடித்தார்.

"சார், இங்க வந்து பாருங்க."

இன்ஸ்பெக்டர் அலுப்போடு குனிந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார். பளபளப்பான பூச்சு முழுக்க, குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிய கட்டம் கட்டமாக ஒரு துணியின் நெசவு. உறையின் நுனியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார் எஸ்.ஐ. அதே கட்டம்.

"உறை பதிஞ்சிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"கம்பெனியில சுட்டு இறுக்கின பெயிண்ட்ல, இத்தனை வருஷத்துக்கு அப்புறம், எந்தத் துணியும் பதியாது சார். வலது பக்கம் பாருங்க, பதியலை. கதவுல பதியலை. கூரையில பதியலை. ஒரே உறைதான் எல்லாத்து மேலயும் இருந்துச்சு. இந்த ஒரு மூடியில மட்டும் பதிஞ்சிருக்குன்னா, இந்த ஒண்ணுதான் இன்னும் உள்ளே காயாத பெயிண்ட்." எஸ்.ஐ. நிமிர்ந்தார். "உங்க தொழில்ல, டாக்டர், பல்லை அடைச்சுட்டு அந்த நீல வெளிச்சத்தைக் காட்டுவீங்க. இருபது செகண்ட்ல கல்லாயிடும். நோயாளி எழுந்து நேரா சாப்பிடப் போகலாம். பழக்க தோஷம். தொட்டா கையில ஒட்டலை, அப்ப காஞ்சிடுச்சுன்னு நீங்க நினைச்சீங்க. பெயிண்ட் தெரிஞ்ச யாரும் அது மேல உறையைப் போட்டு இறுக்கிக் கட்ட மாட்டாங்க. உங்களை மறைக்கப் போட்ட உறைதான் உங்களைக் காட்டிக் கொடுத்துச்சு."

"இது வெறும் ஊகம்," என்றார் டாக்டர். குரல் தாழ்ந்திருந்தது.

"ஊகம்னா கழட்டிப் பார்த்துடலாம். லிஃப்ட்காரரே, நீங்க கழட்டுங்க. எப்படிக் கழட்டணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

லிஃப்ட்காரர் முன்னால் வந்தார். கண்ணாடியை உள்பக்கமாக மடித்து, ஓரத்தில் இரண்டு விரலை விட்டு, ஒரு அழுத்து அழுத்தினார். க்ளிக் என்று மூடி கையோடு வந்தது. திருப்பிக் காட்டினார். உட்பக்கம் கறுப்பு. ஓரத்து மடிப்பில், செம்பு நிறத்துக்கு அடியில், சொரசொரப்பு. உள் கொக்கியில் கம்பி மாட்டித் தொங்கவிட்ட கீறல்.

"விலை கூடின கார்ல விலை குறைஞ்ச காரோட மூடி எப்படி வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். இப்போது அவர் அலுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

மனைவிதான் கதவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மிச்சத்தை எஸ்.ஐ. சொன்னார், டாக்டர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஷட்டில் விளையாடப் போகும் வழியில் போனைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியது. சைக்கிள் கைப்பிடி கண்ணாடியில் மாட்டியது. நிற்காமல் வீட்டுக்கு வந்து காரை உறைக்குள் போட்டது. அன்று முழுக்க யோசித்து, சாயங்காலம் காற்றில் வந்த பெயிண்ட் வாசனையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனது. மறுநாள் 6.10-க்கு லிஃப்ட்காரர் நடக்கப் போவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் நுழைந்தது. உடைந்த மூடியின் மிச்சம் மதியம் அவர் கிளினிக்கில், பல் அச்சுகள் போட்டு வைக்கும் அட்டைப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. ஐந்து சில்லும் அதில் அட்சரம் பிசகாமல் பொருந்தின.

"ஒருத்தருக்கு, நான் வீட்லதான் இருந்தேன்னு உண்மையைச் சொல்ல ஒரு ஆள் இல்லை," என்றார் எஸ்.ஐ. "உங்களுக்குப் பொய் சொல்ல மூணு பேர். அதை வெச்சுத்தான் நாங்க இவரை உள்ளே போடப் பார்த்தோம்." அவர் டாக்டரைப் பார்த்துச் சொன்னாலும் இன்ஸ்பெக்டர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

லிஃப்ட்காரர் இதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. மூடியின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் போய் நின்றார்.

"நான் என்ன சொல்ல வந்தேன் தெரியுமா சார், அன்னைக்கு? தொட்டா ஒட்டாது, ஆனா உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க." மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க போனதுக்கப்புறம் ரெண்டு கப்பையும் கழுவினேன். ரெண்டு கப் கழுவி எவ்வளவு நாளாச்சுன்னு நினைச்சு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அந்தம்மாவை அப்படிப் போட்டுட்டு வந்துதான் என் வீட்ல உட்கார்ந்திருந்தீங்களா?"

ஏட்டு ஜீப் கதவைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை, காலை 10.00.

எஸ்.ஐ. லிஃப்ட்காரரின் வாசலில் மணி அடித்தார். கதவு உடனே திறந்தது, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தவர் போல.

"ரொட்டி அம்மாவுக்கு நேத்து சாயங்காலம் நினைவு வந்துடுச்சு. கண்ணு முழிச்சதும் சைக்கிள் எங்கேன்னுதான் கேட்டாங்களாம்."

லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்க்கப் போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போகலாம், சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை விடுவார்கள் என்று எஸ்.ஐ. சொன்னார்.

"உங்க மூடியை இப்போதைக்குக் கொடுக்க முடியாது. சாட்சிப் பொருள். கேஸ் முடியற வரைக்கும் எங்ககிட்டதான் இருக்கும்."

"இருக்கட்டும் மேடம்."

"இன்னொண்ணு. இதுல கையெழுத்து போடுங்க. நீங்கதான் முக்கியமான சாட்சி. கோர்ட்டுக்கு வரணும்." எஸ்.ஐ. தாளை நீட்டினார். இந்த இடத்தில்தான் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், ஆகவே முன்கூட்டியே சமாதானமாகப் பேசினார். "நாலஞ்சு தடவையாவது வர வேண்டியிருக்கும். போன உடனே விட மாட்டாங்க. ஒரு நாள் முழுக்க வராண்டாவுல உட்கார வெச்சுட்டு, வேற தேதி கொடுத்து அனுப்பிடுவாங்க. கூட்டம் வேற. சிரமம்தான், மன்னிச்சுக்கங்க."

"கூட்டமா இருக்குமா?"

"உட்கார இடம் கிடைக்காது. பக்கத்துல இருக்கிறவங்க அவங்கவங்க கேஸ் கதையை உங்ககிட்ட சொல்லாம விட மாட்டாங்க."

லிஃப்ட்காரர் பொறுமையாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"என் முறை வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"வாசல்ல ஒருத்தர் நின்னு உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். மூணு தடவை. சத்தமா."

அவர் தாளை எஸ்.ஐ.யிடம் கொடுத்தார். முதல் தடவை எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதைக் குறித்து வைக்க உள்ளே போனார்.